காட்டுயிரைப் பார்க்க வேளச்சேரியிலிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வேளச்சேரியில் வீடு, கணினித் துறையில் வேலை. காட்டுயிர் ஆய்விலும் பாதுகாப்பிலும் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. முதுமலைக்கும் வால்பாறைக்கும் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் போக முடியவில்லை. உயிரியல் படித்தவரும் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு என்னதான் செய்ய முடியும், ஞாயிறுதோறும் மரக்கன்று நடுகிற குழு ஒன்றில் சேர்ந்துவிடலாமா என்கிறார். போகிற போக்கில், எந்த பைனாகுலர் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

மரக்கன்று விவகாரத்தில் கொஞ்சம் சண்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தூரம். வேளச்சேரியில் வீட்டை வைத்துக்கொண்டு முதுமலையை நினைத்து ஏங்குகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகின்றன. நீங்கள் நடந்தே போகக்கூடிய தூரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. வடக்கே சைபீரியா வரையுள்ள நிலங்களில் பொரித்து வளர்ந்த உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து அந்தச் சேற்றில் இறங்குகின்றன. நீங்கள் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெருங்குடிக் குப்பைமேட்டைச் சபித்தபடி அதே சேற்றைத் தாண்டி அலுவலகம் போகிறீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சென்னைக்கு இது புதிய விஷயமும் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி என்பவர் மதராஸில் கண்ட பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பினார். அவை 1713-இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரேயின் பறவை நூலில் அச்சாயின. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று. இன்றும் நம் ஏரிக்கரைகளிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் வாலை ஆட்டிக்கொண்டு திரிகிற வெண்புருவ வாலாட்டியின் அறிவியல் பெயர் ‘மொட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ்’. ஊரின் பெயரைச் சுமக்கிற பறவை உங்கள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது, அதைப் பார்க்கவா மலையேற வேண்டும்?

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடந்தோ சைக்கிளிலோ போய்வரக்கூடிய இடமாக இருக்கட்டும். மாதத்துக்கு இரண்டு முறையாவது, ஆண்டுக்கணக்கில், ஒரே பாதையில் நடந்து, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எண்ணி எழுதிவையுங்கள்.

‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லில்தான் நான் கோட்டை விட்டேன். பறவை பார்க்கத் தொடங்கிய முதல் நான்கு ஆண்டுகளில் என் நோட்டில் அரியவை மட்டுமே ஏறின. பூநாரைகள் இறங்கிய நாள், கருவால் மூக்கன் கூட்டம் வந்த நாள், ஒரே ஒருமுறை கண்ட ஏதோ ஒரு வாத்து, எல்லாம் தேதியோடு இருக்கின்றன. காகம், மைனா, மடையான், தூக்கணாங்குருவி எதுவும் இல்லை. தினமும் பார்ப்பதை எதற்கு எழுதுவது என்ற மிதப்பு. நான் நடக்கிற கரையில் நின்ற பனைகளிலும் ஈச்சம்புதரிலும் அந்த நாட்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் சரஞ்சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது ஒன்றும் இல்லை. எந்த ஆண்டு குறையத் தொடங்கியது, ஒரேயடியாகப் போனதா படிப்படியாகவா, பனையை வெட்டிய பிறகா அதற்கு முன்பேயா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பூநாரைக்கு ஆயிரம் பேர் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். தூக்கணாங்குருவிக்கு நான் ஒருவன்தான் சாட்சி, அந்தச் சாட்சியும் எழுதிவைக்கவில்லை.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது, கடினமானதில்லை. தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், உடன் வந்தவர் எத்தனை பேர், இவற்றைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் கண்ட பத்து மீன்கொத்தியும் பத்து நிமிடத்தில் கண்ட பத்து மீன்கொத்தியும் ஒன்றில்லை என்பதால் இது முக்கியம். அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் பட்டியலில் சேருங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத இனத்தைக் காணவில்லை என்று பொருள் கொள்ள முடியும். ஒன்றுமே பார்க்காமல் திரும்பிய நாளையும் எழுதுங்கள், ஆய்வாளருக்கு அது வெற்றுத்தாள் இல்லை. பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவுகோலை மற்றக் கூட்டத்தின்மேல் நகர்த்துங்கள். முதல் ஆறு மாதம் உங்கள் கணக்கு தப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தப்பும் ஒரே சீராக இருந்தால் அதிலிருந்துகூட ஏற்ற இறக்கம் தெரியும்.

இந்தப் பட்டியல்களை, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடலாம். பூச்சி, செடி, தவளை போன்றவற்றுக்குப் படத்தோடு ஏற்ற ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. தொடக்கக்காரருக்கு அதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது, பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நின்றாலே போதும். வெளியே கூட்டாகப் போக வேண்டுமானால் 1978 முதல் இயங்கிவரும் மதராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் இருக்கிறது. அங்கே மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று இரண்டு காலைகள் கேட்டால், புத்தகத்தில் இரண்டு ஆண்டு படித்ததற்குச் சமம்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே, ஆய்வு ஆகுமா என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 15,500 பறவை ஆர்வலர்கள் ஏற்றிய ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகளிலிருந்து 867 இனங்களின் நிலையை அது மதிப்பிட்டது. பெரும்பாலானவர்கள் உங்களைப் போல வேறு வேலை பார்ப்பவர்கள். கைபேசிக் கோபுரத்தால் நாடெங்கும் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நாடு தழுவிய அளவில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, சரிவு சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில்தான் தெரிகிறது என்று அந்தக் கணக்குகள் காட்டின. அப்படியானால் குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி கிடைக்கிறதா, கூடு கட்டச் சுவரில் பொந்து இருக்கிறதா என்று நகரத்துக்குள் தேடுவதுதான் நியாயம். கோபுரத்தின்மேல் பழிபோடுவது சுலபம், நம் வீட்டின் வழுவழுப்பான சுவரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லையே!

இனி பள்ளிக்கரணை. இதில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், மன்னிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்த கழுவெளி, அதாவது கடலோரச் சதுப்பு நிலம், இது. இன்று எஞ்சியிருப்பது அதில் சிறு பங்கு. குப்பைமேடு, ரயில் பாதை, ஆய்வு நிறுவனங்கள், சாலைகள், அடுக்குமாடிகள் என்று எல்லோரும் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டார்கள். அப்பகுதி மக்களும் ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் எழுதியும் போராடியும் வந்த பிறகு, 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு, ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தத்தின்கீழ் ராம்சர் தலமானது. ‘காப்புக்காடு’ என்ற சொல்லைக் கேட்டு அங்கே மரங்களைத் தேடிப் போய் ஏமாந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அங்கே இருப்பது கோரையும் சம்பும் தண்ணீரும் சேறும்.

சதுப்பு நிலத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்திருந்தால் போதும்: இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? கொசு உள்ளானுக்கு இரண்டு விரற்கடை தண்ணீர் கூட அதிகம், ஈரச்சேறுதான் அதன் சாப்பாட்டு மேசை. பவளக்கால் உள்ளான் தன் நெட்டைக் காலை நம்பி இன்னும் சற்று உள்ளே போகும். பூநாரை அதற்கும் அப்பால் நின்று தலையைக் கவிழ்த்து அலகால் நீரை அரிக்கும். நாமக்கோழிக்கும் தட்டைவாயனுக்கும் நீந்தத் தண்ணீர் வேண்டும். கூழைக்கடாவுக்கு மீன் உள்ள மடு வேண்டும். நீலத் தாழைக்கோழிக்குத் தண்ணீரைவிட அடர்ந்த கோரைதான் வீடு. நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலையின்மேல் முட்டையிடுகிறது, இலை இல்லாத தெளிந்த ஏரி அதற்குப் பாலைவனம். ஒரே நிலத்தில் இத்தனை ஆழங்கள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் இத்தனை இனங்கள் இருக்கும். ஆழம் ஒன்றாகிவிட்டால் இனமும் இரண்டு மூன்றாகிவிடும்.

அந்த ஆழமும் நிலையானதில்லை. வடகிழக்குப் பருவமழையில் தெற்குப் புறநகரின் 30-க்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிந்து ஒன்றன்பின் ஒன்றாக இங்கே இறக்குகின்றன. இங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று கடலுக்குப் போகிறது. டிசம்பரில் ஏரியாகத் தெரிவது பிப்ரவரியில் திட்டுத்திட்டாகும், கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பைப் படம் எடுத்து ‘சாகும் சதுப்பு நிலம்’ என்று பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். காய்வது நோய் இல்லை. தண்ணீர் சுருங்கும்போதுதான் மீன்கள் குட்டைகளில் சிக்கும், நாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் விருந்து நடக்கும். காய்ந்த தரையில் முளைப்பதும் மட்குவதும்தான் அடுத்த மழைக்குப் புழுவும் பூச்சியும் ஆகின்றன. ஆண்டு முழுக்கக் கழிவுநீர் வந்து நின்று, காய வேண்டிய மாதத்திலும் ஆகாயத்தாமரை தழைத்திருக்கும் பச்சைதான் பயப்பட வேண்டிய காட்சி. ஆனால் அது படத்தில் அழகாக இருக்கிறது.

(அன்றில் பற்றி ஒரு வார்த்தை. சங்கப் பாடல்களில் பனைமேல் துணை பிரியாமல் வாழும் பறவை. அது எந்தப் பறவை என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அரிவாள் மூக்கன் வகைகளில் ஒன்று என்பார் உண்டு. அந்த வகையில் ஒன்றான பழுப்பு நிறத்தது பள்ளிக்கரணையில் துணையோடு மட்டும் நிற்பதில்லை, ஊரையே கூட்டிக்கொண்டு வருகிறது. குளிர்காலத்துக் காலையில் அதன் முதுகில் வெயில் விழும்போது பாருங்கள், பழுப்புக்குள் பச்சையும் செம்பும் ஊதாவும் தெரியும்.)

ஏரிகளைத் தூர்வாருகிறோம், அழகுபடுத்துகிறோம் என்று கிளம்பும் திட்டங்களில் பலவற்றைக் கண்டு நான் நடுங்குவது இந்த ஆழக் கணக்கினால்தான். என் வீட்டுக்கு அருகில் ஓர் ஏரி. பெயர் வேண்டாம். இயந்திரம் இறங்கி, சரிவாக இருந்த கரையைச் செங்குத்தாக வெட்டியது. அடியைச் சட்டிபோல ஒரே ஆழமாக்கியது. சுற்றிலும் நடைபாதை, நடுவில் ஒரு தீவு, தீவில் விளக்கு. தண்ணீர் முன்பைவிட அதிகம் நின்றது, அதை மறுக்கவில்லை. ஆனால் என் நோட்டில் குளிர்காலத்துக்குப் பதினோரு வகை உள்ளான்களும் அவற்றின் உறவுகளும் இருந்த இடத்தில், அடுத்த ஆண்டு இரண்டு வகைதான். கால் வைக்க ஆழமில்லாத விளிம்பே இல்லாமல் போனால் அவை எங்கே நிற்கும்? அடுத்த ஏரிக்கு அதே திட்டம் வந்தபோது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போனேன். முதலில் பறவைக்காகவெல்லாம் ஏரி வெட்ட முடியுமா என்றார். நான் எண்களைக் காட்டினேன், தேதிவாரியாக, ஒன்பது ஆண்டு. மனிதர் அமைதியாகப் புரட்டினார். கடைசியில் மேற்குக் கரையை மட்டும் பழைய சரிவாகவே விட்டார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. கையில் நோட்டு இல்லாமல் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

சரி, மரக்கன்று. நடுவதற்கு நான் எதிரி இல்லை. எங்கே, எதை என்று கேட்காமல் நடுவதற்கு எதிரி. கழுவெளியிலும் புல்வெளியிலும் மரம் நட்டால் அங்கே இருப்பதை அழிக்கிறீர்கள். புறநகரில் பனைகள் நிற்கும் மேய்ச்சல் வெளிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை அரசுக் கணக்கில் ‘புறம்போக்கு’ என்றும் ‘தரிசு’ என்றும் எழுதிவைத்தோம், பிறகு அந்த முதல் சொல்லையே வசவாகவும் ஆக்கிக்கொண்டோம். கௌதாரி, வானம்பாடி, விசிறித்தொண்டை ஓணான், முயல் எல்லாம் அந்த வெளியை நம்பித்தான் இருக்கின்றன. நிழல் விழுந்தால் அவை போய்விடும்.

கிண்டியைப் பாருங்கள். 2.7 சதுர கிலோமீட்டர்தான், 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. நகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழும் இடம் வேறு எந்த ஊருக்கு வாய்த்தது? ஆனால் இரண்டு மான்களும் ஒரே காட்டைக் கேட்பதில்லை. புள்ளிமான் புதரோரத்திலும் நிழலிலும் நன்றாகவே பிழைத்துக்கொள்ளும். வெளிமான் பெயரிலேயே சொல்லிவிட்டது. அதற்கு வெளி வேண்டும், தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து ஓட்டம் பிடிக்கக் குட்டைப்புல் வேண்டும். வெளியை முள்ளும் மரமும் மூடினால், ஒருவரும் கல் எறியாமலேயே வெளிமான் குறைந்துபோகும். ‘அடர்த்தியான காடு’ என்று நாம் மெச்சுவது அதற்குக் கூண்டு.

நடத்தான் வேண்டும் என்றால் இந்தக் கடற்கரைச் சமவெளிக்கு உரியதை நடுங்கள். இது உலர் பசுமைமாறாக் காட்டு நிலம். வீரை, காசான், உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை போன்றவை இங்கே பிறந்தவை. மெதுவாகத்தான் வளரும், ஒரே ஆண்டில் படம் எடுத்துப் போட முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் காலையில் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு, விரைந்து வளர்ந்த தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் எப்படிக் கிடந்தன என்று நினைவிருக்கும். நன்மங்கலம் காப்புக்காட்டின் புதர்களைப் பார்த்து ‘என்ன சார், முள்ளுக்காடு’ என்கிறவர்களுக்கு, அங்குள்ள பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை குடியிருப்பதை நான் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு முப்பது காமிராக்கள் போய் நிற்கும்.

கடற்கரையை விட்டுவிட்டால் சென்னையைப் பற்றிப் பேசியதாகாது. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் மணலில் முட்டையிட ஏறுகின்றன. 1970-களில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இந்தக் கரையில் இரவு நடையை ஆரம்பித்தார்கள். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு அதை விடாமல் நடத்திவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடந்து, ஆமை ஏறி இறங்கிய தடத்தைக் கண்டுபிடித்து, கூட்டிலிருந்து நூறு, நூற்றிருபது முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும். கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும் பொரிக்க. மணல் சூடாக இருந்தால் பெண், சற்றுக் குளிர்ந்திருந்தால் ஆண். அதனால் பொரிப்பகத்துக்குக் கூரை போடுவதா வேண்டாமா என்பதுகூட ஆய்வுக் கேள்விதான்.

வாரக்கடைசியில் பொதுமக்களும் அந்த நடையில் சேரலாம். உங்களைப் போன்றவருக்கு ஏற்றது, தூக்கம் போனால் பரவாயில்லை என்றால். ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். பொரிப்பகம் கைவைத்தியம்தான். நாயும் மின்விளக்கும் இல்லாத கரையாக இருந்தால் முட்டையை இடம் மாற்றவே தேவையில்லை. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்வதால், சாலை விளக்கு எரிந்தால் கடலுக்குப் போக வேண்டியவை சாலைக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் கடலுக்குள் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வர வேண்டும். இழுவலைக்குள் சிக்கி நெடுநேரம் வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் சாகும். விசைப்படகுகள் கரையோரக் கடலில் வலை இழுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆமை தப்பிக்க வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள், அதற்குள் ஆமைகள் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும். அந்தத் தடை மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது, அதன்மேல் குறை சொல்லவில்லை. ஆமைக்கும் அதுவே காவல் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அறிவு பட்டம் பெற்றவர்களிடம் மட்டும் இருப்பதாக நினைத்துவிடவும் வேண்டாம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தியபோது பிழைப்பு இழந்த இருளர்கள், 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டார்கள். வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் முறிமருந்து தயாராகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எண்ணூர்ப் பக்கம் போனால், ஆற்றின் அடித்தரையில் படர்ந்து மட்டியையும் இறாலையும் விரட்டுகிற அயல்நாட்டுச் சிப்பியைப் பற்றி மீனவர்கள் சொல்வார்கள். ‘காக்கா ஆழி’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் சிப்பி கப்பல்களின் வழியாக வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆற்றுக்குள் கை விட்டுத் துழாவி இறால் பிடிக்கிறவரின் விரலை அது கிழித்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். உங்கள் இடத்தில் மாடு மேய்ப்பவர், கோரை அறுப்பவர், வலை வீசுபவர் யார் என்று பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். என் நோட்டில் பாதிப் பெயர்கள் அவர்கள் சொன்னவை.

அலுவல் பக்கம் சுருக்கமாக. சாலையோரத்திலும் பொதுக்கரையிலும் நின்று எண்ணுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் நுழைய, எந்த உயிரையும் பிடிக்க, பறவைக் காலில் வளையமிட, மாதிரி எடுக்க வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள், வீரம் வேண்டாம். 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, தன் பகுதி உயிரினங்களைக் குறிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையமே உங்கள் பக்கத்துத் தரமணியில்தான் இருக்கிறது. உங்கள் பகுதிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள். பதில் வந்தாலும் சுவாரசியம், வராவிட்டாலும் சுவாரசியம். ஐந்து ஆண்டு நோட்டு உங்களிடம் இருந்தால் அந்தப் பதிவேட்டில் சேர்க்கக் கொடுக்கவும் செய்யலாம்.

பைனாகுலரை மறக்கவில்லை. எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முகவில்லை உள்ளதை வாங்குங்கள். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் கூடும், பார்க்கும் வட்டம் சுருங்கும், பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். தண்ணீர் புகாதது என்று உறையில் எழுதியிருக்கிறதா பாருங்கள், நவம்பரில் தேவைப்படும். நோட்டு சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில், கெட்டி அட்டையோடு இருக்கட்டும். எழுதப் பென்சில். 2015 டிசம்பர் மழையில் என் நோட்டு ஒரு முழுநாள் ஊறிக் கிடந்தது. பேனாவால் எழுதிய பக்கங்கள் நீலமாகக் கரைந்துபோயின. பேனா தீர்ந்து பென்சிலில் எழுதிய மூன்று வாரங்களை மட்டும் இன்றும் படிக்க முடிகிறது.